மழை விட்டதும் ஒரு கையெழுத்து

அந்த ஊர்க்காரர்களுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வாய் வராது. அவ்வளவு நல்ல மனசு. அதற்குப் பதிலாக “மழை விட்டதும் பாக்கலாம்” என்பார்கள். ஸ்பெயினின் மழைமூலையான கலீசியாவில் மழை எப்போது விடும் என்பது எல்லோருக்கும் தெரியுமாகையால், கேட்டவரும் தொப்பியை மாட்டிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். மனஸ்தாபம் கிடையாது. காரியமும் நடக்காது.

தோரிந்தாவின் பார் வாசலில் கூரைத் தகரம் ஒரு முழத்துக்குப் பிய்ந்து தொங்கியது. உள்ளே வருகிற ஒவ்வொருவர் பிடரியிலும் சரியாக ஒரு சொட்டு விழும். அதைச் சரிசெய்கிறேன் என்று தகரவேலை செகுந்தினோ சொல்லி ஒன்பது வருஷம். தினமும் அவனே அந்தச் சொட்டைப் பிடரியில் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, “என்ன தோரிந்தா, இன்னும் ஒழுகுது?” என்பான்.

“ஒழுகுறதுக்கு நீதானே வேலை குடுத்திருக்கே. ஒரு நாள் லீவு போடாம பாக்குது. உன்னைவிட அது தேவலை.”

“மழை விட்டதும் ஏணியைப் போடறேன்.”

“போடு, போடு. என் சவப்பெட்டி மேல சாய்ச்சுப் போடு.”

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஊருக்குத்தான் அக்டோபர் மாசம் யாதிரா வந்து சேர்ந்தாள். மெக்சிகோக்காரி. பாலைவனத்துப் பக்கம். மழை வந்தால் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் ஜன்னலுக்கு ஓடுவோம் என்று சொன்னாள். பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் படிக்க உதவித்தொகை வாங்கி வந்திருந்தாள். பாருக்கு மேலே தோரிந்தா வாடகைக்கு விடுகிற அறையில் தங்கினாள்.

மூன்றாம் நாள் கீழே இறங்கி வந்தாள்.

“தோனியா தோரிந்தா...”

“தோனியாவா? அது கல்லறையில எழுதுற பட்டம். எனக்கு அம்பத்தி நாலுதான் ஆவுது. வெறும் தோரிந்தான்னு கூப்பிடு.”

“சரிங்க தோனியா தோரிந்தா. ரூம் சுவத்துல பச்சையா என்னமோ வளருதுங்க.”

“அதுக்குத் தனியா வாடகை கேட்டனா?”

“இல்லைங்க. துணி எதுவும் காய மாட்டேங்குது. திங்கக்கிழமை துவைச்சது இன்னும் திங்கக்கிழமை மாதிரியே இருக்கு. ஒரு ஹீட்டர் வெச்சுக் குடுக்க முடியுங்களா?”

“அதுக்கென்ன, வெக்கலாம். மழை விட்டதும்.”

யாதிராவின் முகம் மலர்ந்தது. “எப்பங்க விடும்?”

பாரில் பேச்சு நின்றுவிட்டது. செகுந்தினோ கோப்பையை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தினான். அந்தக் கேள்வியை அந்த ஊரில் அதுவரை யாரும் கேட்டதில்லை. தோரிந்தா அந்தப் பெண்ணுக்கு ஒரு கிண்ணம் கோஸ் சூப் ஊற்றிக் கொடுத்தாள்.

குடை விஷயமும் அதே வாரம்தான். யாதிரா வாசலில் நின்று குடையை விரித்தாள். உள்ளேயிருந்து ஒரே சத்தம்.

“எதுக்கும்மா குடை?”

“மழை பெய்யுதே!”

“இதுவா மழை? இது ஓர்பாயோ.”

மாவு சலித்தாற்போல் காற்றில் நிற்கிற தூறல் அது. விழுகிறதா, மிதக்கிறதா என்று அதற்கே தெரியாது. ஆனால் பத்து நிமிஷத்தில் உள்பாவாடைவரை நனைத்துவிடும்.

“நேத்து இதுலதான் போனேன். தொப்பலா நனைஞ்சேன்.”

“அது உன் கோளாறு. ஓர்பாயோ பெய்யாது. சும்மா இருக்கும்.”

கவுன்டர் ஓரத்தில் உருளைக்கிழங்கு அடை தின்றுகொண்டிருந்த பேராசிரியர் எலாடியோ விரலை உயர்த்தினார். தினமும் பதினோரு மணிக்கு அவர் அங்கே வருவார். ஒன்றேகால்வரை இருப்பார். நடுவில் பல்கலைக்கழகம் தன்பாட்டுக்கு நடக்கும்.

“விஞ்ஞானபூர்வமா சொல்றேன் கேளு பொண்ணே. மழைக்குக் கீழ விழணும்ங்கற நோக்கம் இருக்கு. ஓர்பாயோவுக்கு எந்த நோக்கமும் கிடையாது. ஓர்பாயோவை மழைன்னு சொல்றவன் வெளியூர்க்காரன், இல்லேன்னா மடையன். இதைப் பத்தி நான் முப்பது பக்கம் எழுதியிருக்கேன்.”

உண்மைதான். இருபது வருஷத்தில் அவர் எழுதியது அந்த முப்பது பக்கம்தான். வருஷா வருஷம் அதையே பிரசங்கமாகப் படிப்பார். ஊரும் வருஷா வருஷம் அதே இடத்தில் கைதட்டும். யாதிரா குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே போனாள். மரியாதை தெரிந்த பெண்.

இந்த எலாடியோதான் அவளுக்கு வழிகாட்டி. ஒரு தாளில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். ‘இந்த மாணவியை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரே ஒரு வரி. அது பிப்ரவரிக்குள் போய்ச் சேராவிட்டால் உதவித்தொகை நிற்கும், அவள் பெட்டியைக் கட்ட வேண்டும். அவள் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவரிடம் நீட்டியபோது தோரிந்தா பக்கத்தில்தான் இருந்தாள்.

“போட்டுடலாம், கண்டிப்பா! இப்படி நின்னுக்கிட்டா போடறது? மழை விட்டதும் வீட்டுக்கு வா. தோட்டத்துல அத்தி மரத்தடியில ஒரு மேசை இருக்கு. உக்காந்து, நிதானமா, அழகா போடுவோம்.”

“ரொம்ப நன்றிங்க தோன் எலாடியோ!” தோனியாவுக்கு ஆண்பால் தோன்.

அவள் குதித்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். தோரிந்தா பாத்திரம் கழுவினாள். எலாடியோவுக்கு அந்தப் பெண்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. ஆளை ஏற்றுக்கொண்டால் அவள் எழுதுவதையெல்லாம் படிக்க வேண்டும்; முதல் அத்தியாயமே தொண்ணூறு பக்கம். படித்தால் ஒரு கருத்துச் சொல்ல வேண்டும். கருத்து என்பதை அவர் கல்யாணத்துக்கு முன்னாலேயே விட்டுவிட்டார். அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லலாமா என்று தோரிந்தா யோசித்தாள். நமக்கெதற்கு என்று விட்டாள். ஹீட்டர் விஷயமும் உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தியது.

நவம்பர் போயிற்று. யாதிரா தினமும் பதினோரு மணிக்கு அந்தப் பிளாஸ்டிக் உறையோடு வந்து நிற்பாள்.

“இன்னிக்குங்களா?”

“பொண்ணே, வானத்தைப் பாரு.”

டிசம்பரில் வானம் வாளியைக் கவிழ்த்தது. ஜனவரியில் வாளியைத் தேடி எடுத்து மறுபடி கவிழ்த்தது. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிஷம் வெயில் வந்தது. யாதிரா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் எலாடியோ வீட்டுக்கு ஓடினாள். கதவு சாத்தியிருந்தது, ஜன்னல் திரை மட்டும் ஆடிற்று. மறுநாள், “அடடா, வந்தியா? நான் தூங்கிட்டேனே” என்றார்.

பிப்ரவரியில் கடைசிக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குள் தாள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். இனிமேல் தவணை கிடையாது. வியாழக்கிழமை சாயங்காலம் பார் காலியாக இருந்த நேரத்தில் அதைக் கவுன்டரில் வைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். தோரிந்தாவுக்குப் பொறுக்கவில்லை.

“இங்க பாரு பொண்ணே. மழை விட்டதும்னு சொன்னா, முடியாதுன்னு அர்த்தம்.”

“யாரு சொன்னா?”

“யாரு சொன்னாலும்.”

“செகுந்தினோ உங்ககிட்ட சொன்னா?”

“ஒம்பது வருஷமா அதான் அர்த்தம்.”

“அப்ப ஹீட்டர்?”

தோரிந்தா ஏற்கெனவே பளபளவென்று இருந்த ஒரு டம்ளரை எடுத்து மறுபடி துடைத்தாள்.

“எங்க ஊர்ல முடியாதுன்னா, முடியாதுன்னு சொல்லிட்டு ஒரு தட்டு சாப்பாடு வெப்போம்” என்றாள் யாதிரா.

“நாங்களும் சாப்பாடு வெக்கறோமே. முடியாதுன்னு மட்டும் சொல்ல மாட்டோம். மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? மரியாதை இல்லை.”

யாதிரா வாசலைப் பார்த்தாள். தகரத்திலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

“அப்ப அந்த ஓர்பாயோ மழை இல்லைன்னு சொன்னீங்களே, அதுவும் சும்மாதானா?”

தோரிந்தாவுக்குச் சுருக்கென்றது. “வாயை அலம்பு! அதுல இந்த ஊர்ல ஒருத்தனும் பொய் சொல்ல மாட்டான்.”

“சரிங்க” என்று எழுந்து போனாள். ரொம்பச் சாதுவாகத்தான் போனாள். பாவம் என்று தோரிந்தா நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. வெளியே எதிர்வீடு தெரியாமல் ஓர்பாயோ. எலாடியோ பிடரியில் சொட்டை வாங்கிக்கொண்டு வந்து, விரிக்காத குடையைக் கவுன்டரில் சாய்த்துவிட்டு அடைக்குச் சொன்னார். யாதிரா தெருவிலிருந்து உள்ளே வந்தாள். முடி முழுக்க நீர்முத்து. உறை கையில்.

“செகுந்தினோ, வெளியில மழை பெய்யுதுங்களா?”

“எங்கம்மா பெய்யுது? ஓர்பாயோ” என்றான் செகுந்தினோ, தலையைக்கூடத் திருப்பாமல்.

“நிச்சயமா மழை இல்லையே?”

“ஓர்பாயோதான், ஓர்பாயோதான்” என்றது பார் மொத்தமும்.

அவள் திரும்பினாள். “தோன் எலாடியோ, மழை விட்டாச்சுங்க.”

எலாடியோவின் தொண்டையில் அடை நின்றது. தோரிந்தா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

“அது வந்து... ஒரு விதத்துல பாத்தா, ஓர்பாயோவும்...”

“ஓர்பாயோவும்?” என்றான் செகுந்தினோ. நாற்காலி கிறீச்சிட்டது.

எல்லாத் தலைகளும் திரும்பின. மனைவியை, கட்சியை, தேவாலயத்தை மாற்றிக்கொண்டவர்களைக்கூட அந்த ஊர் மன்னித்திருக்கிறது.

“சொல்லுங்க தோன் எலாடியோ” என்றாள் தோரிந்தா, கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு. “ஓர்பாயோவும் என்ன?”

“ஓர்பாயோவும் அழகா இருக்குன்னு சொல்ல வந்தேன்.” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஆனா நான் அத்தி மரத்தடியிலன்னு இல்ல சொன்னேன்? இங்க அத்தி மரம் ஏது?”

“என் வண்டியில ஏறுங்க” என்றான் செகுந்தினோ. இவ்வளவு சுறுசுறுப்பாக அவனை அந்த ஊர் பார்த்ததில்லை. அடுத்தவன் வாக்கைக் காப்பாற்றுவதென்றால் யாருக்குத்தான் உற்சாகம் வராது?

தோரிந்தா முதன்முறையாக மத்தியானத்தில் பாரைப் பூட்டினாள். பாதிப் பார் வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தது. தோட்டத்தில் அத்தி மரம் மொட்டையாக நின்றது, ஒரு இலை இல்லை. மேசைமேல் பாசி. எலாடியோ நாற்காலியில் உட்கார்ந்ததும் பழக்கத்தில் கை குடைக்குப் போயிற்று. எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

“குடை எதுக்குங்க தோன் எலாடியோ?” என்று ஒருவர் அன்பாகக் கேட்டார்.

“சும்மா. சாத்தி வைக்கலாம்னு.”

மூக்குக் கண்ணாடியில் நீர் வழிந்தது. துடைத்தார். மறுபடி வழிந்தது.

“மொதல் அத்தியாயம் நான் இன்னும் படிக்கலையே பொண்ணே.”

“படிச்சீங்களான்னு தாள்ல கேக்கலைங்க. ஏத்துக்கறீங்களான்னுதான் கேக்குது.”

“இந்த ஈரத்துல தாள் நனைஞ்சு...”

“மழையே இல்லாத இடத்துல ஈரம் எப்படிங்க வரும்?”

தோரிந்தா காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து நீட்டினாள். உறையிலிருந்து தாள் பாதி வெளியே வந்தது. இருபது வருஷத்துக்குப் பிறகு எலாடியோ ஒரு கருத்துச் சொன்னார், கையெழுத்தாக. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, பல் தந்தியடித்தது. அப்போதும், “நல்ல நாள்” என்றார், கொள்கையை விடாமல்.

யாதிரா தாளை உறைக்குள் தள்ளிக்கொண்டு பிடித்தாள் ஓட்டம். பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்கு அலுவலகத்தில் முத்திரை விழுந்தது. அங்கே இருந்த பெண் அவளை ஏற இறங்கப் பார்த்து, “ஏம்மா இப்படி நனைஞ்சிருக்கே? மழைகூட இல்லையே” என்றாளாம்.

அவள் பாருக்குத் திரும்பியபோது உள்ளே ஒரே கும்மாளம். ஆளாளுக்கு எலாடியோ மாதிரி குடையைத் தொட்டுத் தொட்டு நடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும்விடச் செகுந்தினோவின் சிரிப்புத்தான் பெரிது. யாதிரா பிடரியில் விழுந்த சொட்டைத் துடைத்துக்கொண்டே அவன் எதிரில் வந்து நின்றாள்.

“செகுந்தினோ, மழை விட்டாச்சுங்க.”

சிரிப்பு அப்படியே நின்றது. அவன் எல்லோர் முகத்தையும் பார்த்தான். ஒரு முகமும் உதவவில்லை. ஐந்து நிமிஷத்தில் வாசலில் ஏணி நின்றது. அதன் உச்சியில் செகுந்தினோ, மூக்கு நுனியில் நீர் சொட்ட, சுத்தியலும் கையுமாக.

தோரிந்தா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கீழே நின்று ரசித்தாள். “இடது பக்கம்டா! ஒம்பது வருஷமா பாத்தியே, எங்க ஒழுகுதுன்னு தெரியலையா? மெதுவா அடி, இன்னும் ஒம்பது வருஷம் தாங்கணும்!” சிரித்துச் சிரித்து அவளுக்கு விலா வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பக்கத்தில் யாதிரா. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இரு, இரு. வாயைத் திறக்காதே.”

தோரிந்தா உள்ளே போனாள். சரக்கு அறைப் பரணில் புத்தம்புது ஹீட்டர் ஒன்று, வாங்கிய அட்டைப் பெட்டியோடு, நாலு வருஷமாக உட்கார்ந்திருந்தது. தூசியைத் தட்டி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அன்று சாயங்காலம் யாதிராவின் அக்டோபர் மாசத்துக் காலுறை காய்ந்தது.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் யாரிடமும் “மழை விட்டதும் பாக்கலாம்” என்று சொல்வதில்லை. அனுபவப்பட்ட ஊர். மார்ச் மாசம் யாதிரா கீழே வந்து, “தோனியா தோரிந்தா, ரூம்ல ஒரு துணிக்கொடி கட்டித் தர முடியுங்களா?” என்று கேட்டாள்.

தோரிந்தா ஜன்னல் வழியாக வானத்தை ஒருமுறை கவனமாகப் பார்த்துக்கொண்டாள்.

“அதுக்கென்ன, கட்டலாம். வெயில் அடிச்சதும்.”