அந்தத் தண்ணி

ஆறாம் வாய்ப்பாடு மகளுக்கு மனப்பாடமானதோ இல்லையோ, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஆகியிருந்தது. மாலையில் தப்பில்லாமல் ஒப்பிப்பாள். காலையில் கேட்டால் ஆறிரண்டுகூடத் தெரியாது. லாரி ஓட்டுகிற அப்பாவுக்கு இது விளங்கவே இல்லை. ஒருமுறை போன வழியில் ஏழு வருஷம் கழித்தும் யாரையும் கேட்காமல் போகிற மனுஷன் அவர். "வேணும்னே பண்றா. அத்தனையும் திமிரு" என்று எட்டு வயதுப் பெண்ணை முட்டி போட வைப்பார். எதற்காக முட்டி போட்டோம் என்பதையும் மறந்துவிட்டு, தரையில் ஊரும் எறும்பைப் பார்த்து அவள் சிரிப்பாள். அதற்கும் ஒரு அடி விழும்.

அப்போதெல்லாம் அம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவாள். மகளுக்குத் திமிர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அவள் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்கிறாள். ஒரு நாளைக்குப் பதினாலு அறை. விரிப்பை இழுத்துச் செருகி, தலையணை உறை மாற்றி, குளியலறை தேய்த்து நிமிர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும். வாயும் வயிறுமாக இருந்தபோதும் அதே பதினாலுதான். கணவர் வண்டியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். கூட வேலை பார்த்த அக்கா, தங்கினவர்கள் மிச்சம் விட்டுப்போன பிராந்தி பாட்டிலை நீட்டி, "ஒரு மூடி குடி, வலி தெரியாது" என்றாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது, பாவம். ஒரு மூடி அரை டம்ளர் ஆனது. அரை டம்ளர் தினப்படி ஆனது.

ஐந்தாம் மாதம் பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் எடை பார்த்துக்கொண்டே, "தண்ணி நல்லா குடிக்கிறியாம்மா?" என்று கேட்டாள். இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சத்தியமா இல்லீங்க. தொடறதே இல்ல."

"ஏன் தொடறதில்ல? பிள்ளைத்தாச்சி தண்ணி குடிக்காம இருக்கலாமா? மறக்காம தினமும் குடி."

மறுநாள் துணி அடுக்குகிற அறையில் இதைச் சொல்லி, அவளும் அக்காவும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அம்மா குடித்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் போன வருஷம் படித்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

பள்ளிக்கூடத்தில் சொன்னதால், ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற டாக்டரிடம் இன்று வந்திருந்தார்கள். டாக்டரம்மா மகளைக் கட்டைகள் அடுக்கச் சொன்னார், எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார், பிறகு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் விளையாட அனுப்பினார்.

"திமிருன்னுதான் நெனச்சேன். ஆனா எங்க சித்தப்பா ஒருத்தரும் இப்படித்தான் மந்தமா இருந்தாரு" என்றார் கணவர், தலையைக் குனிந்துகொண்டு. "எங்க ரத்தம்தான் டாக்டர்."

டாக்டர் எழுதிக்கொண்டே மனைவியிடம் திரும்பினார். "மாசமா இருந்தப்ப தண்ணி குடிச்சதுண்டா? எல்லா அம்மாகிட்டயும் கேக்கற கேள்விதான்."

கணவர் சிரித்துவிட்டார். "தண்ணி குடிக்காம யாராவது இருப்பாங்களா டாக்டர்?"

கூடச் சேர்ந்து சிரித்தால் போதும், முழுப் பூசணிக்காயும் சோற்றுக்குள் போய்விடும். அவளுக்கு அந்த ஆசை வந்தது, வராமல் என்ன? ஆனால் கண்ணாடிக்கு அப்பால் மகளின் முட்டி தெரிந்தது. கறுத்து, தோல் தடித்திருந்தது. இன்று மாலையும் வாய்ப்பாடு உண்டு.

"டாக்டர் கேக்கறது அந்தத் தண்ணிங்க" என்றாள் கணவரிடம். "குடிச்சேன். தினமும். இவ பிறக்கறவரைக்கும்."

டாக்டர் திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "இதுதான் காரணம்னு இன்னைக்கே சொல்லிட முடியாது, இன்னும் பாக்கணும். ஆனா நீங்க சொன்னது பெரிய உதவி. மறக்கறது அவ திமிர் இல்ல. படிக்கறது அவ தலையில தங்க மாட்டேங்குது. தண்டிச்சா தங்காது. படம் காட்டி, கொஞ்சம் கொஞ்சமா, திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுக்கணும்."

"அப்போ நான் முட்டி போட வெச்சதெல்லாம்..." என்ற கணவர் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பினார்.

பஸ் நிறுத்தம்வரை அவர் பத்தடி முன்னாலேயே நடந்தார். பெஞ்சில் மகளை நடுவில் விட்டு உட்கார்ந்தார்கள். கத்தினாலாவது பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. ஏதாவது பேச வேண்டுமே என்று, "உன் பாட்டில் எங்கடி?" என்று மகளைக் கேட்டாள். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மகள் பையைப் பார்த்தாள். பாட்டில் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெஞ்சிலிருந்து இறங்கி, அந்த நடைபாதையிலேயே முட்டி போட்டாள். எதை மறந்தாலும் அதை மட்டும் அவள் மறக்கவில்லை.

"எந்திரிம்மா" என்றார் அப்பா. அவளைத் தூக்கி உட்கார வைத்து, முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு ஆஸ்பத்திரியை நோக்கி நடந்தார்.

அவர் திரும்பி வருவதற்குள் ஒரு பஸ் போய்விட்டது. அங்கே விட்டுவந்த பாட்டிலை எடுத்து நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். மகள் பாதியைக் குடித்தாள். மீதியை அவர் மனைவி பக்கம் நீட்டினார், முகத்தைப் பார்க்காமல்.

"குடி" என்றார். "தண்ணிதான்."