முப்பத்தேழாவது உருப்படி

...இடது கால் நொண்டினால் திருட்டு, வலது கால் நொண்டினால் படைப்பு, அவ்வளவுதான் சட்டம், பழைய தொடரில் விண்கலத் தலைவனுக்கு இடது கால் ஊனம், எங்கள் புதுத் தொடரில் வலது, அதில் கலத்தின் கணினி திக்கித் திக்கிப் பேசும், இதில் விக்கி விக்கிப் பேசுகிறது, அங்கே பச்சைச் சூரியன், இங்கே நீலம், எங்கள் வக்கீலம்மா பட்டியலை மேசைமேல் விரித்து ஒவ்வொன்றையும் பேனாவால் தட்டித் தட்டி, இது பரவாயில்லை, இதுவும் பரவாயில்லை என்று கடந்துகொண்டே வந்தார், ஊரே தூங்கிக்கொண்டிருக்கும் கிரகம், பரவாயில்லை, தன் நிழலிடம் பேசும் மருத்துவர், பரவாயில்லை, பழைய தொடர்க்காரர்கள் பாவம் உட்கார்ந்து நாற்பது எண்ணி அனுப்பியிருக்கிறார்கள், முப்பத்தேழாவதில் பேனா நின்றது. “நொண்டற கேப்டனுக்கு யாரும் பட்டா போட முடியாது சார். ஆனா இது ரெக்கார்டிங். அந்த டேப் அவங்க சொத்து. அஞ்சு மணிக்குள்ள எடுத்துடுங்க, டிரெய்லர்லேருந்தும் சேர்த்து.” முப்பத்தேழு, தலைக்கவசத்துக்குள் மூச்சு விடும் ஓசை, நாற்பது விநாடி. கதையைத் தூக்கியது குற்றமில்லை, கிரகத்தைத் தூக்கியது குற்றமில்லை, எட்டு பாகத்திலும் ஒருத்தர் உடம்பிலிருந்து உண்மையாக வந்தது எதுவோ அதுமட்டும்தான் களவு... சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள், நான் எதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன், அந்த ஒன்றை மட்டும் திருடியது நான்தானே.

மேதை கேட்டார், கொடுத்தேன். இயக்குநரை எல்லோரும் மேதை என்றுதான் சொல்கிறார்கள், முகத்துக்கு நேராகவும் சொல்கிறார்கள், அவரும் கூச்சப்படாமல் திரும்பிப் பார்க்கிறார். “இதுவரைக்கும் மனுஷ காது கேக்காத மூச்சு வேணும் சார்” என்றார். மூன்று நடிகர்களை விட்டு மூச்சுவிடச் சொல்லிப் பதிவு செய்தேன், ஒருவர் மூச்சில் அழகு இருந்தது, ஒருவர் மூச்சில் சோகம் இருந்தது, மூன்றாமவர் காலையில் தின்ற வெங்காயமே காதில் விழுந்தது, மூன்றுக்கும் மேதை தலையை ஆட்டினார், உயிரில்ல சார், உயிரில்ல. எரிச்சலில்தானா, இல்லை வேறு எதிலோவா, வீட்டிலிருந்து பழைய பதிவைக் கொண்டுவந்து எதுவும் சொல்லாமல் போட்டேன், மேதைக்கு முழங்கை வரை மயிர் சிலிர்த்தது, சட்டையை மடித்துக் காட்டினார், ரெண்டு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன் என்றார். மறுவாரம் பேட்டியில் அந்த மூச்சு தனக்கு ஒரு மலையுச்சியில் தியானத்தின்போது கேட்டதாகச் சொன்னார். மலையுச்சியாம்... அது பழைய ஸ்டூடியோவின் கழிவறைக்குப் பக்கத்து அறை, பாதிப் பதிவில் யாரோ தண்ணீர் திறந்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்தோம். இன்றைக்குப் பட்டியலைப் பார்த்தபோது மட்டும் மேதை சொன்னார், இது திருட்டு இல்ல மேடம், முன்னோர்களுக்கு மரியாதை. நல்ல மரியாதை, செத்தவர் சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு அவருக்கே மாலை போடுகிற மரியாதை. ஆனால் அந்தப் பழைய தொடரில் வேலை செய்த நாங்கள் மட்டும் என்ன யோக்கியம், அந்தப் பச்சைச் சூரியனை நாங்கள் எங்கிருந்து எடுத்தோம் என்று எனக்குத் தெரியாதா, அண்ணனுக்குத் தெரியாதா.

அண்ணன். அந்த மூச்சு என் கூடப்பிறந்த அண்ணனுடையது. இருபத்தாறு வருடத்துக்கு முன் அதே தொடருக்கு அண்ணன் ஒலிப்பதிவாளர், நான் அவருக்கு இரண்டாம் ஆள், தலைக்கவசம் வாங்கித் தர ஆளில்லாமல் குளியலறை பிளாஸ்டிக் வாளியைத் தலையில் கவிழ்த்து, உள்ளே ஈரத் துண்டைச் சுற்றி, மைக்கைச் செருகி, பதினோரு நிமிடம் பதிவு செய்து அதில் நாற்பது விநாடியை வெட்டி எடுத்தோம். அண்ணன் போய்ப் பன்னிரண்டு வருடம். ஊரில் இருக்கிறவன் குரலையெல்லாம் பிடித்து வைத்த மனிதர், தன் குரலில் ஒரு ஹலோகூட விட்டுப்போகவில்லை, மைக்குக்குப் பின்னால நிக்கறவன் வாயைத் திறக்கக் கூடாதுடா என்பார், திறக்கவில்லை. அண்ணியிடம் புகைப்படங்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் கண்ணை மூடியிருப்பார். டிரெய்லர் வந்த அன்றைக்கு அண்ணிக்கு நான்தான் போன் செய்து சொன்னேன், ஏன் சொன்னேன், சும்மா இருந்திருக்கலாம்... கேட்டுவிட்டு அண்ணி, “அவரேதான் தம்பி. இழுத்து விடும்போது கடைசியில ஒரு சின்ன விசில் வரும்ல, பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதா” என்றார். வேணும்னா தனியா எடுத்துத் தரட்டுமா அண்ணி என்று கேட்டேன். “பொட்டியில பூட்டி வெச்சுக்கவா? நாலு பேர் வீட்டுல அவரு மூச்சு விடணும் தம்பி, அதுதான் எனக்கு வேணும்.” மாடிவீடு கீழ்வீடு என்று அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறார், வெள்ளிக்கிழமை எட்டு மணி, வந்துடுங்க, எங்க வீட்டுக்காரர் வராரு. அப்படியே சொன்னாராம், வராரு.

மணி மூன்றரை. மேதை கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று, அதே மாதிரி வேணும் சார், ஆனா அது மாதிரி இருக்கக் கூடாது என்றார், நானும் சரி சார் என்றேன், இந்தத் தொழிலில் முப்பது வருடமாக இதற்கு ஒரே பதில் அதுதான். நடிகர்களைக் கூப்பிட நேரமில்லை. ஸ்டூடியோ துடைக்கிற அம்மாவிடம் வாளி கேட்டேன், எதுக்கு என்றார், தலையில கவுத்துக்க என்றேன், முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கழுவிட்டுக் குடுங்க என்றார். உள்ளே இருட்டு, சோப்பு வாடை, ஈரத்துண்டு கன்னத்தில் ஒட்டுகிறது, மூக்கால் இழுத்து வாயால் விடு, அவசரப்படாதே, ஆகாயத்தில் தனியாக மிதக்கிறாய், பிராணவாயு தீர்ந்துகொண்டிருக்கிறது, என்ன ஆகாயம், முதுகு வலிக்கிறது, இரண்டாவது நிமிடம், மூன்றாவது, விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறோம், காதுக்குள் ஏதோ இரைகிறது, நான்காவது நிமிடத்தில் தலை சுற்றும்... சுற்றியது. சுற்றும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நிற்காமல் போ என்பதற்கு இரண்டு தட்டு, நிறுத்து என்பதற்கு ஒரு தட்டு, அதுதான் அன்றைக்கு அண்ணனும் நானும் வைத்திருந்த கணக்கு, விரல் முட்டியால் வாளியின் மேல், டொக் டொக், அது எப்படிக் கேட்கும் என்று இப்போது தெளிவாக ஞாபகம் வருகிறது, மண்டை முழுவதும் அதிரும், பல்வரிசை கூசும். வெளியே நின்று தட்டுகிறவனுக்கு அப்படிக் கேட்காது. வெளியே அது வெறும் வாளிச் சத்தம். நான் உள்ளே இருந்தேன். அன்றைக்கு நானும் உள்ளே இருந்தேன்... அண்ணன் இருமினார், இருடா, என்னால முடியல, நீ போ என்றார், துண்டு அவர் மூச்சில் வெதுவெதுப்பாக இருந்தது, எந்த நிமிடத்தில், மூன்றா, ஏழா, பிறகு நாற்பது விநாடியை வெட்டியது அண்ணன், எந்த இடத்தில் வெட்டினார் என்று நான் கேட்கவே இல்லை. எப்படி மறந்தேன் இதை? அவர் செத்த பிறகு எனக்கு அந்த ஓசை முழுவதும் அவராகத் தேவைப்பட்டது, அதனால் என்னை நானே வெட்டி எடுத்துவிட்டேனா?

வாளியைக் கழற்றியபோது மேதை கைதட்டிக்கொண்டிருந்தார். பழைய மூச்சு, புது மூச்சு இரண்டின் அலைக்கோட்டையும் திரையில் மேலும் கீழுமாக வைத்து ஓட்டினேன், இழுக்கும்போது ஒரே மேடு, விடும்போது ஒரே பள்ளம், கடைசியில் அந்தச் சின்ன விசில், மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. ஒரே அப்பா மூக்கு இரண்டு பேருக்கும், அதனால் இருக்கலாம். இல்லை ஒரே ஆளாகவும் இருக்கலாம். “எது சார் பழசு?” என்றார் மேதை. மேல இருக்கறது சார், என்றேன், அது ஒன்றுதான் நிச்சயமாகத் தெரிந்தது. “அச்சு அசல் அதே! ஆனா சுத்தமா புதுசு!” என்று தோளைத் தட்டினார், அவருக்கு இந்த இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதில்லை, அதனால்தான் மேதை. வக்கீலம்மா ஒரு தாளை நீட்டினார், மேற்படி ஒலி எந்த முந்தைய பதிவிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று, முற்றிலும் என் சொந்த மூச்சு என இதன்மூலம் உறுதி கூறுகிறேன். பேனாவை வாங்கிக்கொண்டு இரண்டு முறை படித்தேன். ஒரு மனிதன் தன் மூச்சு தன்னுடையது என்று கையெழுத்துப் போட இவ்வளவு யோசிக்கிறானே என்று அவருக்குத் தோன்றியிருக்கும், “ஏதாவது பிரச்சினையா சார்?” ஒண்ணுமில்ல மேடம். போட்டேன். மேல்வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தேன், மணி நாலு ஐம்பது, திரையில் அந்த இடம் வெள்ளையானது, கீழ்வரியைத் தூக்கி அங்கே வைத்தேன், தைத்த தடம் தெரியாமல் பொருந்தியது.

நடைக்கூடத்தில் போன் அடித்தது, அண்ணி. “தம்பி, வெள்ளிக்கிழமை எட்டுதானே? ஒம்பதுன்னு கீழ்வீட்டுக்காரி சொல்றா, அவளுக்கு எல்லாத்துலயும் ஒரு மணி நேரம் லேட்டு.” எட்டுதான் அண்ணி என்றேன். சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம், வருவது அவர் இல்லை அண்ணி, நான், ஒருவேளை எப்போதுமே நான்தான், இந்த வாக்கியத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது, வாளியிலிருந்தா, இருமலிலிருந்தா, வாளியின் மயக்கம் இன்னும் தெளியவில்லை, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தேன், மூச்சு போனுக்குள் இரைந்தது. “அண்ணி... ஒண்ணு சொல்லணும்...” “இருங்க தம்பி.” குரல் மாறியிருந்தது, வாய்க்கு அருகே கையை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. “ஒண்ணும் பேசாதீங்க. போனை வெச்சுடவும் வெச்சுடாதீங்க. சும்மா அப்படியே கொஞ்ச நேரம் இருங்க.” எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று, புரிந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டேன். அந்தப்பக்கம் அண்ணி காத்திருக்கிறார், எத்தனை நேரம் அடக்க முடியும், பத்து, பதினொன்று, பன்னிரண்டு, நெஞ்சு முட்டுகிறது, விடத்தான் போகிறேன், விட்டால் அந்த விசில் வரும்...