செல்லாத ஆட்டம்

விராலிமலையில் நாகராசுவைக் கேரம் ஆடி ஜெயித்தேன் என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. குவைத்தில், கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில், வெள்ளிக்கிழமை தவறாமல் ஆடி ஆடிக் கை பழுத்த மனுஷர். மலையாளி, வங்காளி, நேபாளி என்று கேம்ப்பில் இருந்த அத்தனை பேரையும் தோற்கடித்து வாங்கிய பித்தளைக் கப் இன்னும் அவர் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஊர் திரும்பும்போது மற்றவர்கள் கம்பளியும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள். இவர் அந்தக் கப்பைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். வந்த கையோடு திருச்சிக்குப் போய் நல்ல போர்டாக ஒன்று வாங்கிப் போட்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வீட்டில் கறிக்குழம்பும் கேரமும்தான்.

ஆட உட்கார்ந்துவிட்டால் எதிரில் பொண்டாட்டியா பிள்ளையா என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. மகன் சிவபிரகாஷ் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, உயரம் எட்டாமல் தலையணை போட்டு உட்கார்ந்து ஆடுவான். அவனையும் இரக்கமில்லாமல் ஆடித் தோற்கடித்துவிட்டு, எழுந்து போய்க் கை கழுவிச் சாப்பிட உட்காருவார். பையன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போர்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஒரு ஆட்டம் விட்டுக் குடுத்தா என்னங்க கொறைஞ்சு போயிரும்? பச்சப்புள்ளைங்க அது" என்பாள் செவந்தி.

"வெளிய எவன் விட்டுக் குடுப்பான்? சும்மா கெடச்ச ஜெயிப்பு ஒட்டாது செவந்தி. ஜெயிச்சா நெசமா ஜெயிக்கட்டும். அன்னைக்கு நானே அவனைத் தோள்ல தூக்கிக்கிட்டு மலையைச் சுத்தி வாரேன்."

சொன்னது என்னவோ நியாயம்தான். ஆனால் அந்த மனுஷருக்குத் தோற்கத் தெரியாது. அந்தச் சமாச்சாரத்தை அவர் நியாயத்துக்குள் சேர்க்கவில்லை.

பிரகாஷ் பத்தாவது படித்த வருஷம் அது தெரிந்துபோனது. ஹைவே ஓரத்தில் நாகராசு பரோட்டாக் கடை போட்டிருந்தார். கார்க்காரர்கள் எல்லாம் பெரிய ஓட்டல்களாகப் பார்த்து நிறுத்தப் பழகிவிட்டார்கள். கடை படுத்துவிட்டது. ஷட்டரை இழுத்து மூடிய வாரம், ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் அப்பனும் மகனும் ஆடினார்கள். அன்றைக்குப் பையன் ஆட்டம் வேறு மாதிரி இருந்தது. சிவப்புக் காயையும் போட்டு, அதற்கு ஃபாலோவும் போட்டு, கடைசியாக ஒரே ஒரு காய்க்கு வந்து நின்றான். அதையும் சுண்டினான். சுண்டிய அந்த நிமிஷம் பார்த்துக் கரண்டு போனது. இருட்டில் காய் பாக்கெட்டுக்குள் விழுந்த சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது.

செவந்தி போன் வெளிச்சத்தைக் காட்டினாள். போர்டில் காய் இல்லை.

"இருட்டுல போட்டது செல்லாது" என்றார் நாகராசு. "சுண்டித்தான் விழுந்துச்சா, கையால தள்ளி விழுந்துச்சா, யாரு கண்டா?"

 இவர் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். செவந்தி எழுப்பி எழுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கடை போன துக்கம் என்று அவள் நினைத்தாள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு சமாதானம் வேண்டுமில்லையா.

அப்புறம் நாகராசு பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் நடந்துகொண்டுதான் இருந்தது. பிரகாஷ் நன்றாகத்தான் ஆடுவான். எல்லாக் காயையும் போட்டு, கடைசிக் காய்க்கு வரும்போது மட்டும் ஸ்ட்ரைக்கரும் கூடவே போய் உள்ளே விழும், போட்ட காய் திரும்ப வெளியே வந்துவிடும். "ச்சே, கை வழுக்கிருச்சுப்பா" என்று கட்டை விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்வான். நாகராசு தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார். அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

அவன் திருச்சியில் காலேஜ் சேர்ந்த பிறகும் இதே கதைதான். போன தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசிக் காயில் மறுபடியும் ஸ்ட்ரைக்கர் உள்ளே போனது. நாகராசு சொன்னார்:

"பதறுறவன் எந்தக் காலத்துலயும் ஜெயிக்க மாட்டான்டா. ஒனக்குக் கடைசி வரைக்கும் தோக்குற கைதான்."

அவன் சிரித்துக்கொண்டே காய்களைப் பெட்டியில் போட்டு மூடினான். மறுநாள் காலேஜ் விட்டு ஒரு சிநேகிதனோடு பைக்கில் வந்தவன் வீடு வந்து சேரவில்லை. ஹைவேயில் ஒரு லாரி. அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.

கருமாதி முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போய், வீடு காலியாகக் கிடந்த அன்றைக்குச் செவந்தி புருஷனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"ஒரு தடவையாச்சும் எம்புள்ளைய ஜெயிக்க விட்டிருக்கலாமுல்ல?"

அப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தால்கூட நாகராசு பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பார். கேரம் போர்டைத் தூக்கிப் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். வேன் ஓட்டும்போது, பின்னால் பிள்ளைகள் கூச்சல் போடும்போது, குளிக்கும்போது, எப்போது பார்த்தாலும் அவர் காதில் அவர் குரலே கேட்டது. தோக்குற கை. பெற்ற பிள்ளையிடம் அவர் கடைசியாக முகம் பார்த்துச் சொன்னது அதுதான். மறுநாள் காலையில் அவன் கிளம்பும்போது இவர் வேன் எடுக்கப் போய்விட்டிருந்தார். ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம் விட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று யோசித்து யோசித்து நெஞ்சு வெந்தது. சோற்றைப் பிசைவார், வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஆளே பாதியாகப் போய்விட்டார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளை போனபிறகு முதல் தடவையாகச் செவந்தி கறி எடுத்தாள். மகள் ஹரிணி, ஏழாவது படிக்கிறவள், ஆசைப்பட்டுக் கேட்டிருந்தாள். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுப் போர்டை இழுத்துக்கொண்டு வந்தாள். நடுக்கூடத்தில் போட்டு, ஒட்டடையைத் துடைத்து, பவுடர் தூவினாள்.

"வாப்பா, ஆடலாம்."

"வேணாம் ஆத்தா. அப்பாவுக்குக் கை வரலை."

"ஒரே ஒரு ஆட்டம்ப்பா."

அடுப்படியிலிருந்து செவந்தி எட்டிப் பார்த்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஆடுங்கள் என்றும் சொல்லவில்லை. நாகராசு எழுந்து வந்து உட்கார்ந்தார். உட்காரும்போதே ஒரு முடிவோடுதான் உட்கார்ந்தார். வாழ்நாளில் செய்யாததை இன்றைக்குச் செய்துவிட வேண்டும். இந்தப் பிள்ளையையாவது ஜெயிக்க விட்டுவிட வேண்டும்.

அவருக்கு வெள்ளை, அவளுக்குக் கறுப்பு. முதல் அடியிலேயே அவர் ஸ்ட்ரைக்கரைக் கோணலாக விட்டார். அது ஊரைச் சுற்றிவிட்டு ஒரு காயையும் தொடாமல் திரும்பி வந்தது. குவைத் கேம்ப்பில் யாராவது பார்த்திருந்தால் இந்த ஆளுக்கு என்ன வந்தது என்று கேட்டிருப்பார்கள். சரி, பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று பார்த்தால், அவளும் பாக்கெட் வாயிலேயே நின்ற காயை விட்டுவிட்டு எங்கேயோ சுண்டினாள். இவர் ஒன்றைத் தவறவிட, அவள் ஒன்றைத் தவறவிட, தவறிப்போய் ஒன்றிரண்டு விழுந்தால் அடுத்த கையில் ஸ்ட்ரைக்கரை உள்ளே போட்டு அந்தக் காயை மறுபடி வெளியே வைக்க, ஆட்டம் ஜவ்வாக இழுத்தது. குழம்பு கொதித்து இறங்கிவிட்டது. சோறும் வடித்தாயிற்று.

"என்ன ஆட்டம் ஆடுறீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டுக்கொண்டே செவந்தி கரண்டியோடு வந்து நின்றாள்.

"கை பழக்கம் விட்டுப்போச்சு" என்றார் நாகராசு.

எப்படியோ தட்டுத் தடுமாறி அவளுக்குக் கறுப்பில் ஒரே ஒரு காய் மிச்சம் என்று வந்தது. வலது பாக்கெட் வாயில் பாதி தொங்கிக்கொண்டு நின்றது. அதைப் போடுவதற்கு ஆட்டமே தெரிய வேண்டாம். அப்பாடா என்று நாகராசு மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஹரிணி சுண்டினாள். காய் விழுந்தது. பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் போய் மெதுவாக உள்ளே விழுந்தது.

"ச்சே, கை வழுக்கிருச்சுப்பா" என்று சொல்லிவிட்டுக் கட்டை விரலைச் சட்டையில் துடைத்தாள்.

நாகராசு நிமிர்ந்து பார்த்தார். அதே வார்த்தை. அதே விரல். எதிரில் உட்கார்ந்திருப்பது மகளா மகனா என்று ஒரு நிமிஷம் அவருக்குப் புரியவில்லை.

"ஆத்தா, அப்பாவைப் பாரு. வேணும்னுதானே உள்ள விட்ட?"

"இல்லப்பா."

"சத்தியமா?"

சத்தியம் என்றதும் அவள் முகம் கோணியது. குனிந்துகொண்டாள். போர்டில் பவுடர் மேல் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழுந்தது.

"அண்ணந்தான் சொல்லுச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"அப்பாட்ட ஜெயிச்சுறாத பாப்பான்னு. ஜெயிச்சா அப்பா சாப்புடாதுன்னு. கரண்டு போன அன்னைக்கு நீ சோறு வேணாம்னு படுத்துக்கிட்டியாம்ல. அதுலருந்து அண்ணன் ஒங்கிட்ட ஜெயிக்கவே ஜெயிக்காதாம். அப்பாவுக்கு வேற எங்கயும் ஜெயிக்கக் கெடைக்கல பாப்பா, இதுலயாச்சும் ஜெயிச்சுட்டுப் போகட்டும்னு சொல்லுச்சு. நீதான் இப்ப சாப்புடவே மாட்டேங்குறியே. அதான்..."

செவந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கரண்டியிலிருந்து குழம்பு சேலையில் வடிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

நாகராசு கேட்டார்: "அப்ப அவனுக்கு நல்லா ஆட வருமா?"

"அண்ணனுக்கா? காலேஜ் லீவு நாள்ல, சாயங்காலம் நீ வேனை விட்டுட்டு வர்றதுக்குள்ள எங்கூட ஆடும். எனக்குச் சுண்ட ஒரு கைகூடக் கெடைக்காது. எல்லாத்தையும் அதுவே போட்டுரும். காயப் போடுறது ஈஸியாம்ப்பா. அப்பாவுக்குத் தெரியாம ஸ்ட்ரைக்கரை உள்ள விடுறதுதான் கஷ்டமாம். அதைத்தான் ரொம்ப நேரம் பழகிக்கிட்டு இருக்கும். எனக்கும் சொல்லிக் குடுத்துச்சு."

தோற்கப் பழகியிருக்கிறான். வயசுப் பிள்ளை, வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அப்பனிடம் கண்டுபிடிக்க முடியாமல் தோற்பது எப்படி என்று உட்கார்ந்து பழகியிருக்கிறான். இத்தனை மாசமாக நாகராசு எதற்காக உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தாரோ, அது இப்போது ஒன்றுமில்லாமல் போனது. அதைவிடப் பெரிய துக்கம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது. விட்டுக் கொடுக்கவில்லையே என்று அழுதார். விட்டுக் கொடுத்ததெல்லாம் அவன். முழங்காலுக்கு முழங்கால் இடிக்க வருஷக்கணக்கில் எதிரில் உட்கார்ந்தும், தன் மகன் ஆட்டத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்த அந்த ஒரு நாள் ஆட்டத்தையும் செல்லாது என்று சொல்லிவிட்டார்.

பாக்கெட்டுக்குள் கையை விட்டு அந்தக் கறுப்புக் காயை எடுத்தார். பழையபடி வாயில் வைக்கவில்லை. எதிர் மூலைக்குத் தள்ளி, முன்னால் ஒரு வெள்ளையை மறைப்பாக நகர்த்தி, ஆடத் தெரிந்தவனுக்கும் சிரமமான இடமாகப் பார்த்து வைத்தார். ஸ்ட்ரைக்கரை மகள் கையில் கொடுத்தார்.

"இதை அண்ணன் எப்படிப் போடும்? அப்பாவுக்குக் காட்டு."

"போட்டா நீ..."

"போடு ஆத்தா."

ஹரிணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். ஒரு காலை மடக்கி உட்கார்ந்தாள், அவனைப் போலவே. ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நடுவிரலால் சுண்டினாள். அது பக்கக் கட்டையில் மோதி, வெள்ளையைத் தொடாமல் வளைந்து வந்து கறுப்பைத் தட்டியது. காய் போய் உள்ளே விழுந்தது. ஸ்ட்ரைக்கர் உருண்டு வந்து அவள் பக்கமே நின்றது.

இருட்டில் கேட்ட அதே சத்தம்.

நாகராசு காலி மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். செவந்தி நகர்ந்து வந்து அவர் முதுகில் கை வைத்தாள். அவளும்தான் அழுதாள். ஒரு தடவையாச்சும் என்று கேட்டவளாயிற்றே.

"கரண்டு போன அன்னைக்கு" என்றார் துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு.  "அந்த ஆட்டம் செல்லும் செவந்தி. அன்னைக்கு எம்புள்ளதான் ஜெயிச்சான். நாந்தான் தோத்தேன்."

 தோளில் தூக்கி மலையைச் சுற்றுகிறேன் என்று சொன்னதுகூட அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். அதை எங்கே போய்ச் செய்வது.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சோறு போடு" என்றார்.

செவந்தி போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவர் பிசைந்தார். முதல் கவளம் இறங்கவில்லை. தண்ணீர் குடித்து இறக்கினார். கண்ணிலிருந்து வடிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. பாதி தட்டு காலியானதும் நிமிர்ந்து பார்த்து, இன்னொரு கரண்டி போடச் சொன்னார். ஹரிணி போர்டுக்குப் பக்கத்திலிருந்து எழவே இல்லை. அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.