மணப்பெண்ணின் இடது கண்

அவளை எல்லோரும் மேக்கப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஒருபக்கம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்கு வேலை பார்க்கும். ஆனால் அன்று மணப்பெண்ணின் இடது இமையில் நிறம் தீட்டி முடித்த நேரத்தில் வாயும் நின்றது, கையும் நின்றது.

காரணம், மணப்பெண்ணின் அக்கா. சாயங்கால வரவேற்புக்கு, மண்டபத்து மாடி அறையில் முதலில் அலங்காரம் செய்துகொண்டவள் அவள்தான். கண் கொஞ்சம் சிவந்திருக்கிறதே என்று கேட்டதற்கு, "கல்யாண வீட்டுல எங்க தூங்க விடறாங்க?" என்று சிரித்து மழுப்பினாள். இப்போது பார்த்தால் குளியலறைக் கண்ணாடி முன் அண்ணாந்து நின்று கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். மணப்பெண்ணோ கண்ணை மூடியபடி போனில் மாப்பிள்ளையோடு கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

மேக்கப் அக்கா எழுந்து போய்த் தாழ்ந்த குரலில் கேட்டாள். "அது என்ன மருந்து?"

"கண்வலி. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ். தெரிஞ்சா ஒருத்தரும் என் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்க மாட்டாங்க."

மேக்கப் அக்கா திரும்பித் தன் பிரஷ் பெட்டியைப் பார்த்தாள். முகத்துக்குப் போடும் பிரஷ்களை வாரம் ஒருமுறை அலசுவாள். கண்ணுக்கானவற்றை மட்டும் ஒவ்வொருவருக்குப் பிறகும் அலசியே தீர வேண்டும் என்று வைத்திருந்தாள். அதற்காகவே இரண்டு செட். முந்தின நாள் இரண்டாவது செட்டை அலசிவிட்டு, அவசரத்தில் டம்ளரில் நிமிர்த்தி வைத்துவிட்டாள். தண்ணீர் காம்புக்குள் இறங்கி, இன்று பெட்டியைத் திறந்தால் எல்லாம் சொதசொதவென்று ஈரம். ஒருநாள்தானே, அக்கா தங்கைதானே என்று முதல் செட்டையே டிஷ்யூவில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருந்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். "அக்கா, அழகா இருக்கேனா?" என்று கேட்டாள் மணப்பெண். "ரொம்ப அழகும்மா," என்று மட்டும் சொன்னாள் மேக்கப் அக்கா. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வலது கண்ணை விரல் நுனியாலும் பஞ்சுக்குச்சியாலும் முடித்தாள். இரண்டு இமையும் ஒன்றுபோலவே அமைந்தன. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தவள் சேலையைக்கூட மாற்றவில்லை. வெதுவெதுப்பான நீரில் பேபி ஷாம்பு கலந்து, பிரஷ்களைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் வைத்துச் சுழற்றினாள். பழுப்பு, ரோஜா, கறுப்பு என்று நிறங்கள் வழிந்தன. தெளிந்த நீர் வந்த பிறகும் விடவில்லை. பிழிந்து, நுனியைக் கூராக்கி, மேசை விளிம்பில் படுக்க வைத்தாள். பிறகு மறுபடி எடுத்து அலசினாள்.

"அதைத்தானே இப்பக் கழுவின?" என்றான் கணவன்.

"சரியாப் போகல."

"போகாதது பிரஷ்லயா, மனசுலயா?"

அவனிடமும் சொல்லவில்லை. மறுநாள் முழுக்கக் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றி வந்தாள். மணப்பெண்ணின் எண்ணை எடுப்பாள், வைப்பாள். போன் அடித்தால் திடுக்கிடுவாள். அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று பயப்படுவாள். சட்டியில் கிளறிக்கொண்டிருந்ததை அப்படியே மறந்து, அடிபிடித்த வாடை வந்த பிறகு ஓடினாள்.

அதற்கும் அடுத்த நாள் காலையில் பொறுக்கமுடியாமல் மணப்பெண் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

கதவைத் திறந்தது மணப்பெண்தான். இடது கண் வீங்கி, மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்திருந்தது.

"வாங்கக்கா. பாருங்க என் கோலத்தை. நாளைக்கு வெளியூர் போகணும். தூசி விழுந்திருக்கும்னு நெனக்கிறேன்."

"தூசி இல்லம்மா." நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பிரஷ் காயாதது, துடைத்துப் போட்டது, பார்த்த பிறகும் வாய்மூடி வந்தது, ஒன்றையும் விடவில்லை.

மணப்பெண் இடது கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு உள்ளே திரும்பி, "அக்கா! உனக்குக் கண்வலியா?" என்று கத்தினாள்.

அக்கா ஓடிவந்தாள். நடந்தது புரிந்ததும் மேக்கப் அக்காவை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல? உங்க பிரஷ் அழுக்கா இருந்ததுக்கு நானா பொறுப்பு?"

"நீ பேசாத," என்றாள் தங்கை. "மூணு நாள் என்கூட ஒரே தலையணையில படுத்த. என் துண்டுல முகம் தொடச்ச. இது உன் தலையணையில இருந்து வந்துச்சா, இவங்க பிரஷ்ல இருந்து வந்துச்சான்னு எந்தக் கோர்ட்டுல போய்க் கேக்கறது?"

இந்தச் சத்தத்தில் உள்ளேயிருந்து மாப்பிள்ளை வந்தான். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி. கழற்றினால் அவனுக்கும் ஒரு கண் சிவப்பு. அதைப் பார்த்ததும் தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மேக்கப் அக்காவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வாசல்வரை வந்த மணப்பெண், "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்கா," என்றாள். "அப்பவே டாக்டர்கிட்டப் போயிருப்பேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது மேக்கப் அக்காவுக்கு.

பயணம் தள்ளிப்போனது. ஒரு வாரத்தில் மூவருக்கும் கண் தெளிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அது எதிலிருந்து தொற்றியது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. கணவனிடம் சொன்னபோது, "அதான் சரியாயிடுச்சே, விடு," என்றான். விடத்தான் முடியவில்லை.

அடுத்து வந்தவள் ஒரு வங்கிக்காரி, தோழியின் விருந்துக்குக் கிளம்பியவள். மேக்கப் அக்கா பெட்டியைத் திறக்கும் முன்பே கேட்டாள். "கண்ணுல ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?"

"என்னைப் பார்த்தா சீக்காளி மாதிரி இருக்கா?"

"இல்லம்மா. எல்லாரையும் கேக்கறேன்."

"இல்லை," என்று வெடுக்கென்று சொன்னாள் வங்கிக்காரி. உலர்ந்த பிரஷ்ஷைக் கையில் எடுத்த மேக்கப் அக்கா, அவள் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழிமையை மெல்ல இழுத்துப் பார்த்தாள். கண் வெள்ளையாகத்தான் இருந்தது. இன்னொரு கண்ணையும் பார்த்தாள்.