பதினொன்றரை மணி வரை

மூன்றாவது முறையும் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்துவிட்டு அவள் கையை உதறிக்கொண்டாள். விசைப்பலகையில் அழுக்கு என்று சொல்லிக்கொண்டு கைக்குட்டையால் துடைத்தாள்.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு எடுக்க வேண்டும். தலைமாட்டில் வைக்க நல்லதாக ஒரு படம் வேண்டும் என்று, காலையில்தான் வந்து இறங்கியிருந்த அண்ணன் கேட்டான். அப்பாவின் படங்களெல்லாம் அவர் அறையிலிருந்த இந்தக் கணினிக்குள்தான் கிடந்தன. கடவுச்சொல்லை ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, மேலே ‘ரகசியம்’ என்று தலைப்பும் கொடுத்து, திரையின் நெற்றியிலேயே ஒட்டிவைத்திருந்தார் மனுஷன். நாலாவது முறை திறந்துகொண்டது.

நேற்று அவர் விட்ட இடத்திலேயே திரை நின்றிருந்தது. தேடும் கட்டத்துக்குள் ஒரே ஒரு சொல். ‘பொறுக்கலாமா’.

அவளுக்குப் புரியவில்லை. அப்பா ஒற்றைச் சொல்லில் எதையும் கேட்கிறவர் இல்லை. அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் தட்டச்சராக இருந்தவர். தேடும் கட்டத்துக்கும் மனுதான் போடுவார். “ஐயா, வணக்கம். நாளை மழை வருமா என்று தெரிவிக்கவும்” என்று அடித்துவிட்டு, பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்காத நாள் கிடையாது.

அதில் கேட்கச் சொன்னதே அவள்தான். அம்மா போன பிறகு வீட்டில் இரண்டே பேர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் புகார் சொல்ல அழைப்பவர்களுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்லும் வேலை அவளுக்கு. முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கத் தேனாகப் பேசுகிறவளுக்கு, எழுத்து பெரிதாகிவிட்டது, மௌஸ் நகரவில்லை என்று அப்பா மணிக்குப் பத்து தடவை வந்து நின்றால் எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். இரண்டு மாதம் முன்பு ஒருநாள் சொல்லிவிட்டாள்.

“எதுவா இருந்தாலும் இனிமே அதுலயே கேளுங்கப்பா. அதுக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்ல. என்னை வேலை பாக்க விடுங்க.”

“சரிம்மா” என்றார். மேலதிகாரி சொல்லுக்கு மறுப்பேது. அதற்குப் பிறகு அவர் அவள் அறைக் கதவைத் தட்டவே இல்லை. அப்பா தேறிவிட்டார் என்று அண்ணனிடம் போனில் பெருமையடித்துக்கொண்டாள்.

படத்தைத் தேட வந்தவள் தேடல் வரலாற்றைத் திறந்தாள். நேற்றைய தேதிக்குக் கீழே வரிசையாக நேரத்தோடு இருந்தது.

10.22. ‘ஐயா, வணக்கம். இடது தோளிலிருந்து முழங்கை வரை வலிக்கிறது. காலையில் வாளி தூக்கியதால் இருக்குமா என்று தெரிவிக்கவும்.’

10.31. ‘ஐயா, எனது முந்தைய கடிதத்தின் தொடர்ச்சி. இப்போது வியர்க்கிறது. மின்விசிறி ஓடுகிறது.’

10.40க்கு ஒரு மருத்துவப் பக்கத்தைத் திறந்திருந்தார். உடனே அருகில் இருப்பவரை அழையுங்கள் என்று அதில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது.

10.44. ‘ஐயா, அருகில் மகள் இருக்கிறாள். முக்கியமான கூட்டத்தில் இருக்கிறாள். பதினொன்றரைக்கு முடியும். அதுவரை பொறுக்கலாமா என்று தயவுசெய்து உடன் தெரிவிக்கவும்.’

10.58. ‘பொறுக்கலாமா’.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கூட்டம் பதினொன்றரைக்குத்தான் முடிந்தது. மேலாளர் பாராட்டிய சந்தோஷத்தில் அவள் காபி போட்டு, நின்று நிதானமாகக் குடித்துவிட்டு, அப்பாவுக்கு ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு இந்த அறைக்குள் வந்தபோது மணி பன்னிரண்டு. நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது.

பெரிய அடைப்பு, அவருக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். நேற்றிலிருந்து அத்தை அதையே பிடித்துக்கொண்டிருந்தாள். “மகராசன், ஒரு நிமிஷத்துல போயிட்டான். படுக்கையில கெடந்து யாரையும் கஷ்டப்படுத்தல.” வருகிறவர்களிடமெல்லாம் அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

‘நீக்கு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. மௌஸ் அதன் மேலேயே போய் நின்றது. ஒரு தட்டு தட்டினால் ஈ காக்கைக்குத் தெரியாது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“போட்டோ கெடைச்சுதா?” அண்ணன் வாசலில் நின்றான்.

“உள்ள வாண்ணா. கதவைச் சாத்து.”

அவன் குனிந்து படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

“நீ எங்க இருந்த?”

“பக்கத்து ரூம்ல.”

“ஹெட்போன் மாட்டியிருந்திருப்ப. கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது.”

“அவர் கூப்பிடவே இல்ல. டைப் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு. டொக்கு டொக்குன்னு அடிப்பாரே, அதேதான். நல்லவேளை, இன்னைக்குன்னு பாத்து நம்ம உயிரை எடுக்காம இருக்காரேன்னு நெனச்சேன்.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “சத்தம் நின்னது கூடத் தெரியும்ணா.”

அண்ணன் நிமிர்ந்தான். அவன் கை ஓங்கியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

பக்கத்து அறையில், அவளுடைய கட்டிலில், தலைசுற்றல் தாங்காமல் அத்தை படுத்திருந்தாள். அண்ணன் அங்கே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“ஏன்டா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்றாள் அத்தை. “உண்மையைச் சொல்லு. கடைசி நேரத்துல அவன் ரொம்பத் துடிச்சானா?”

“இல்லத்தை. அவருக்கே தெரியாது. ஒரு நிமிஷம்கூட ஆகலையாம்.”

தணிந்த குரலில்தான் சொன்னான். சுவருக்கு இந்தப் பக்கம், அப்பாவின் அறையில் இருந்த அவளுக்கு, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.