பின்சக்கரத்துக் கட்டை

அந்த மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அவன் மிளகாய்தான். கோபம் எப்போதும் மூக்குநுனியில் இருக்கும் ஆசாமி. அன்றைக்கு மட்டும் யாரிடமும் சண்டைக்குப் போவதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். நிறைமாதக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மலைமேல் அவள் அம்மா வீட்டில் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது எதிரே இன்னொரு டிரைவர் பூசணி வந்து நின்றான். தொந்தி ஸ்டீயரிங்கில் இடிக்கக் காலி லாரியில் இறங்கிக்கொண்டிருந்தான். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், மலையில் அதுதான் சட்டம். பூசணிக்குப் பின்னால் ஒதுங்க இடமும் இருந்தது. ஆனால் நகரவில்லை. போன மாதம் மிளகாயின் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனவனும் இதே ஆள்தான்.

"பின்னால எடுடா!" என்று கத்தினான் மிளகாய்.

"நீ எடுடா. நாலு சிமென்ட் மூட்டை ஏத்திட்டா பெரிய ராஜாவா?"

"ஏங்க, வேணாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." மனைவி சட்டையைப் பிடித்தாள். உதறிவிட்டுக் குதித்தான். ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. அந்த ஆத்திரத்திலும் பின்சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையை உதைத்துச் செருகினான். மலையில் வண்டி ஓட்டுகிறவன் கால் அதை மறக்காது.

பூசணி இரும்பு ஜாக்கி லிவரோடு இறங்கினான். முதல் அடியிலேயே மிளகாயின் தோள்பட்டை முறிந்தது. மிளகாய் பாய்ந்து அவன் காதைக் கடித்தான். வாயெல்லாம் ரத்தம். கட்டிப் புரண்டு மிளகாயின் லாரியோரம் விழுந்தார்கள். பூசணி நெஞ்சில் ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தான். கண் இருட்டிக்கொண்டு வர, மிளகாயின் நல்ல கை எதையாவது தேடித் துழாவியது. கட்டை அகப்பட்டது. ஹேண்ட்பிரேக் இன்னும் கொஞ்சம் பிடித்திருந்ததால் தளர்வாகத்தான் இருந்தது, இழுத்ததும் வந்துவிட்டது. ஓங்கி அடித்தான். பூசணியின் முன்பற்கள் தெறித்தன. இன்னொன்று. மூன்றாவதுக்குக் கை ஓங்கியபோது டயருக்கடியில் சரளை நொறுங்கியது.

"ஏங்க!"

லாரி பின்னால் உருண்டது. பின்னால் பள்ளம். அடப்பாவி, ஓடுடா! மிளகாய்க்குக் கைகால் ஓடவில்லை. ஓங்கிய கட்டையோடு அப்படியே கிடந்தான். பூசணிதான் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான், குப்புற விழுந்து சக்கரத்துக்கடியில் திணித்தான். சக்கரம் அவன் விரல்கள்மேல் ஏறிக் கட்டையில் முட்டி நின்றது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் முடிந்தது கதை.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சக்கரத்தடியில் பூசணியின் கையைப் பார்த்தாள்.

"கட்டைய நீதானேடா உருவின? உள்ள நான் இருக்கேன்னு தெரியாது?"

கீழே கிடந்த லிவரை எடுத்தாள். உடைந்த வாயால் பூசணி ஏதோ உளறினான். மிளகாய் பேசாமல் இருந்தால் போதும், பழி அங்கேயே நின்றுவிடும். பேசாமல்தான் இருந்தான். லிவர் பூசணியின் முதுகில் இறங்கியது. மறுபடி ஓங்கினாள்.

"அவன் இல்லடி! நான்தான் உருவினேன். அவன்தான் வச்சான்."

அவள் லிவரைக் கீழே போட்டாள்.

"வண்டிய முன்னால எடு. அவன் கை அடியில இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை ஒருமையில் பேசியதில்லை. ஏறினான், ஒற்றைக் கையால் முன்னால் எடுத்து நிறுத்தினான். அவள் முந்தானையைக் கிழித்துப் பூசணியின் கையைக் கட்டினாள்.

"ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றான் அவளிடம், அழுதுகொண்டே.

"அவன ஏத்திக்கிட்டுப் போ. நான் நடந்தே போய்க்கிறேன்."

வயிற்றில் கைவைத்துக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினாள்.