ஹால் காத்தாடியின் லைன்

"யார் கேத்தல் போட்டது?"

கணவர் செத்துக் கிடக்கும் வீட்டில், தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் பெண் கேட்கிற கேள்வி அல்ல அது. அழுதுகொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டுத் தவமணியைப் பார்த்தார்கள். அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். சீலிங்கில் ஓடிக்கொண்டிருந்த ஹால் காத்தாடி கடைசியாக ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டது.

அடுக்களையிலிருந்து சந்திரிகா எட்டிப் பார்த்தாள். செத்துப்போன கந்தப்புவின் அண்ணன் மகள். தகவல் கிடைத்ததும் தைப்பிங்கிலிருந்து அப்பாவோடு காரில் வந்தவள்.

"நான்தான் சின்னம்மா. வந்தவங்களுக்குக் கோப்பிக்குத் தண்ணி கொதிக்க வைக்கலாம்னு."

"காத்தாடிய அடைச்சிட்டுத்தான் கேத்தல் போடணும்."

"யாரும் சொல்லலையே."

யார் சொல்வது? இந்த வீட்டுச் சட்டம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் பெஞ்சில் கால் கட்டைவிரல்களைக் கட்டிப் படுக்க வைக்கப்பட்டிருந்தார். இன்னொருவன், மகன் சற்குணம், கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். மிச்சம் அவள்தான். காத்தாடி ஓடும்போது கேத்தல் கூடாது. பம்ப் போட்டால் காத்தாடி சுவிட்சை அடைக்க வேண்டும். துணி தேய்க்க வேண்டுமென்றால் பின்னறையில் யாரும் விளக்குப் போடக்கூடாது. ஐஸ்பெட்டி உறுமும்போது எதையும் தொடக்கூடாது. டத்தோ கிராமாட் வட்டாரத்தில் இந்தப் பழைய வீட்டை வாங்கியதிலிருந்து, புதுச் சாமான் ஒன்று வரும்போதெல்லாம் கந்தப்பு தானே கூரைக்குள் ஏறி, பக்கத்தில் எந்த வயர் கைக்கு அகப்படுகிறதோ அதிலிருந்து ஒன்றை இழுத்துவிட்டு இறங்குவார். துறைமுக அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர். வயர்மேனைக் கூப்பிடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். "இது என்ன பெரிய வித்தையா?" என்பார். அவருக்கு அது தெரியாது என்பது தவமணிக்குத் தெரியும். இத்தனை வருஷமும் கீழே நின்று ஏணியைப் பிடித்தவள் அவள்தானே.

அண்ணன்காரர் விநாசித்தம்பி பியூஸ் மாற்றினார். காத்தாடி ஓடியது. கொஞ்ச நேரத்தில் யாரோ பின்னால் கை கழுவப் பம்ப் போட்டார்கள். மறுபடி போயிற்று. இந்த முறை அவர் பொறுமை இழந்து தடித்த கம்பியாகப் பார்த்துச் செருகினார். காத்தாடி ஓடியது. சற்று நேரம் கழித்து ரப்பர் கருகும் நாற்றம் வீடு முழுக்க வந்தது. சாம்பிராணி வாசனைக்குள்ளும் அது தனியாகத் தெரிந்தது.

"மெயினை அடைங்க அத்தான்," என்றாள் தவமணி.

அவர் அடைத்தார். வீடு கப்பென்று வெந்தது. பெஞ்சுக்கு அடியில் வாளிகளில் வைத்திருந்த ஐஸ் கட்டிகள் ஓரமெல்லாம் கரைந்து சின்னதாக ஆகியிருந்தன. விநாசித்தம்பி தம்பியின் முகத்தைக் குனிந்து பார்த்தார். துண்டால் தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தவமணி, நான் சொல்றனெண்டு கோவிக்காத. காத்தாடியும் இல்ல. இந்தச் சூட்டில உடம்பு தாங்காது. ஒண்டரைக்கு ராகு காலம். அதுக்கு முதல் எடுத்திடுவம்."

"சற்குணம் அஞ்சு மணிக்கு வந்திருவான்."

"வருவான். பட்டர்வொர்த்தில இறங்கி, தீவுக்கு வர ஃபெரிக்கு நிண்டு... முகத்தை இப்பவே பார். பெடியன் வந்து எதைப் பார்க்கப் போறான்? கொள்ளி வைக்க என்ர மூத்தவன் இருக்கிறான்."

அவர் கெட்டவர் அல்ல. சொல்வதிலும் தப்பில்லை. அதனாலேயே தவமணிக்கு அவரிடம் சண்டை போடத் தெரியவில்லை. விடியற்காலையில் பல் தேய்க்கப் போன கந்தப்பு குளியலறை வாசலில் உட்கார்ந்தார், அப்படியே போய்விட்டார். பக்கத்து வீட்டு ஹபீபா பீவியிடம் ஓடிப்போய், அங்கிருந்து மகனுக்குப் போன் செய்தாள். அவன், "நான் வர்றவரைக்கும் வச்சிருப்பீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டான். வைத்திருப்பேன் என்று அவள் சொல்லியிருந்தாள். இன்றைக்கு அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அவன் இந்த வீட்டு வாசலை மிதித்துத் தீபாவளி இரண்டு போய்விட்டது. கோலாலம்பூரில் டெலிபோன் வேலை அவனுக்கு. கடைசியாக ஒரு தீபாவளிக்கு வந்தவன், சுண்ணக்கட்டியும் கையுமாகக் கூரைக்குள் ஏறிக் காலைநேரம் முழுவதும் அங்கேயே கிடந்துவிட்டு, வேர்த்து வழிய இறங்கினான்.

"இது வயரிங் இல்லப்பா, குருவிக் கூடு. காத்து ஓட்டையெல்லாம் யாரு பலகை வச்சு அடிச்சது? மேல அடுப்பு மாதிரி இருக்கு. வயர் தோலெல்லாம் உதிருது."

"அடிச்சது நான். என் வீடு."

"கோடு போட்டு வச்சிருக்கேன். நாளைக்கு அலாவுதீன் அண்ணன் வந்து புது லைன் இழுக்கட்டும். இல்லாட்டி ஒருநாள் வீடு பத்திக்கும்."

"பயமா இருந்தா இங்க படுக்காத."

அவன் படுக்கவில்லை. அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் வந்த அலாவுதீனுக்கு முறுக்கும் கோப்பியும் கொடுத்து, வயரிங் பேச்சைத் தவிர எல்லாம் பேசி அனுப்பிவைத்தார் கந்தப்பு.

இப்போதும் அலாவுதீனைத்தான் ஹபீபா பீவி ஆள் அனுப்பி அழைத்து வந்திருந்தாள். தெருவிலேயே வயர்மேன் அவர் ஒருவர். அவர் நடைவழியில் ஏணி போட்டு, சீலிங் பலகையைத் தள்ளித் தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார். நல்ல உடம்பு. ஏணியே முனகியது.

"அடுக்களைப் பக்கம் ஜாயிண்ட் எரிஞ்சிருக்குக்கா. அத வெட்டிட்டா மெயினப் போடலாம். ஆனா அதுக்குத் தவழ்ந்து போகணும். பலகையெல்லாம் மக்கிப்போச்சுலா. நான் ஏறினா நேரா அண்ணன் மேலதான் வந்து விழுவேன்."

"எங்க கால் வைக்கணும்னு எனக்குத் தெரியும்," என்றாள் தவமணி. எழுந்தாள்.

"பிள்ளை, எழும்பாத," என்றார் விநாசித்தம்பி. "தலைமாட்டில இருக்கிறவள் எழும்பக்கூடாது. ஆம்பிளையள் இத்தனை பேர் நிக்கிறம்."

"நீங்க நிக்கிறீங்க அத்தான். உத்தரம் எங்க இருக்குன்னு உங்க யாருக்கும் தெரியாது."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பெஞ்சில் கிடத்தியதிலிருந்து முதல்தடவையாகக் கணவரின் பக்கத்திலிருந்து விலகினாள். பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள். சொல்லட்டும். அவளுக்கு வெட்கப்படக்கூடச் சோர்வாக இருந்தது.

அவள் இதற்குமுன் மேலே ஏறியதே இல்லை. ஆனால் அவர் மேலே தவழும்போது கீழே சத்தத்தோடு சத்தமாக நடந்து டார்ச்சும் திருப்புளியும் நீட்டியவள். முட்டி மரத்தில் பட்டால் ஒரு சத்தம், பலகையில் பட்டால் வேறொரு சத்தம். அதை வைத்தே எந்த இடம் தாங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உத்தரத்தைக் கையால் தடவிக்கொண்டு போனாள். ஓட்டுச் சூடு முதுகில் இறங்கியது. மூச்சு முட்டியது.

டார்ச் வெளிச்சத்தில் வீட்டுச் சட்டங்கள் எல்லாம் கறுப்பு வயர்களாகக் கிடந்தன. இதோ கேத்தல். இதோ பம்ப். ஒன்றின்மேல் ஒன்று சுற்றி, துணி வைத்துக் கட்டி. தொட்டால் தோல் பொடிப்பொடியாகக் கையோடு வந்தது.

தெருப்பக்கத்துச் சுவரில் காற்று ஓட்டைகளை மறைத்துப் பலகை அடித்திருந்தது. அது அவளுக்கு நினைவிருந்தது. சற்குணம் சின்னப் பிள்ளையில் மூச்சிழுப்பு வந்து ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே கிடப்பான். கூரைக்குள் கூடு கட்டிய புறாக்களின் இறகுதான் காரணம் என்றார் டாக்டர். அன்று மாலையே கந்தப்பு பலகையோடு ஏறினார். பிள்ளைக்கு இழுப்பு நின்றது. பலகையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. "என் வீடு" என்றாரே தவிர, உனக்காகத்தானடா அடைத்தேன் என்று அந்த மனுஷனுக்குச் சொல்ல வரவில்லை.

குதிகாலால் உதைத்தாள். இரண்டாவது உதையில் ஒரு பலகை பிய்ந்து தொங்கியது. வெளிச்சமும் காற்றும் ஒன்றாக வந்தன. அந்தக் காற்று முகத்தில் பட்டு நேராகத் தாண்டிப் போயிற்று. எதிர்ப்பக்கமும் திறந்திருந்தால்தானே அப்படிப் போகும்? திரும்பிப் பார்த்தாள்.

பின்பக்கத்து ஓட்டைகளில் பலகை இல்லை. புறா நுழையாமல் இருக்கப் புதுக் கம்பிவலை, நாலு பக்கமும் சம இடைவெளி விட்டு ஒழுங்காக ஆணி அடித்து வைத்திருந்தது.

அங்கிருந்து ஹால் வரைக்கும் உத்தரத்தில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு ஓடியது. சற்குணம் போட்ட கோடு. பள்ளிக்கூடத்திலிருந்தே அவன் அப்படித்தான், அளவுகோல் வைக்காமல் எதையும் எழுதமாட்டான். கோட்டின்மேல் ஒரு வெள்ளை வயர். சாண் இடைவெளிக்கு ஒரு கிளிப். வளைவே இல்லை.

"தம்பி," என்றாள். "இங்க வெள்ளை வயர் ஒண்ணு போகுது."

ஏணியில் தலை மட்டும் தெரிய நின்ற அலாவுதீன், "வெள்ளையா? அண்ணன் போட்டதெல்லாம் கறுப்புலா," என்றார்.

"நேரா போகுது."

"நேராவா?" அவர் நம்பவில்லை. "எங்கிருந்து எங்க?"

ஒரு முனை மெயின் பெட்டிக்கு மேலே சுருட்டி வைத்திருந்தது. மறுமுனை ஹால் காத்தாடி மாட்டிய கொக்கியின் பக்கத்தில், டேப் சுற்றி, இணைக்காமல் கிடந்தது. அதற்கு அப்பால் அடுக்களைப் பக்கம் கோடு மட்டும் போயிற்று. வயர் இல்லை. ஐந்தாறு கிளிப்புகள் மட்டும் வயருக்காகக் காத்திருப்பதுபோல அடித்திருந்தன. பிறகு அவையும் இல்லை.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கந்தப்பு மேலே ஏறுவார். என்னவென்று கேட்டால் எலி என்பார். டார்ச் பிடிக்கவும் அவளை விடவில்லை, போய் உன் வேலையைப் பார் என்றார். ஒரு எலிகூடச் செத்து விழவில்லையே என்று அவள் கேலி செய்ததும் உண்டு. பிறகு நெஞ்சு வலி என்றார். டாக்டர் படி ஏறாதே என்றார். எலி வேட்டையும் நின்றுவிட்டது.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே மனுஷா," என்றாள் தவமணி. நல்ல கோபம் வந்தது. காலையிலிருந்து வராத அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது. இரண்டு பேருக்கும் நடுவில், போனில் அவனிடமும் வீட்டில் இவரிடமுமாக எத்தனை நாள் மாறிமாறிப் பேசியிருக்கிறாள். அவன் சொன்னபடிதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி. என்ன செய்யணும், சொல்லு."

அலாவுதீன் சொல்லச் சொல்லச் செய்தாள். எரிந்த ஜாயிண்டை வெட்டினாள். காத்தாடியின் பழைய வயரைக் கழற்றி வெள்ளை வயரை முறுக்கினாள், சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. அவர் இறங்கிப்போய் மெயின் பெட்டிப் பக்கத்து வேலையை முடித்தார். அடுக்களைக்குக் கரண்ட் கிடையாது, விளக்கும் பம்பும் பழைய லைனில் ஓடும், காத்தாடி தனி என்றார். "சுத்தமான வேலைக்கா," என்றும் சொன்னார். "சற்குணம் தம்பி எப்ப வந்து செஞ்சுச்சு?"

அவள் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தாள். காத்தாடி சுற்ற ஆரம்பித்திருந்தது.

குளித்து, வேறு சேலை மாற்றிக்கொண்டு தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். ஹபீபா பீவி வாளிகளில் புது ஐஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் கொஞ்சம் காற்று நடமாடியது. விநாசித்தம்பி மேலே பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை ஆயிற்று. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெடியன் வரட்டும்," என்றார்.

சற்குணம் வந்தபோது ஐந்தரை தாண்டியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றான். பிறகு வந்து அப்பாவின் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அழவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முகம் அப்படியே இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு யாரிடமோ பிடிவாதமாக வாயை இறுக்கி வைத்திருக்கும் அதே முகம்.

"குளிச்சிட்டு வா தம்பி, பொழுது சாயுது," என்றார் பெரியப்பா.

அவன் எழுந்து போனான். நடைவழிச் சுவரில் காத்தாடி சுவிட்சும் பம்ப் சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவன் கை தானாகக் காத்தாடி சுவிட்சுக்குப் போயிற்று. போன கை பாதியில் நின்றது. திரும்பி, பெஞ்சில் கிடந்தவரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"பம்ப் போடணும்மா."

"போடு."

"காத்தாடி நின்னுடுமே."

"நிக்காது. நீ போடு."

போட்டான். பின்னால் பம்ப் உறுமியது. காத்தாடி அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் தலையைத் தூக்கி அதைப் பார்த்தான். பிறகு நடைவழியில் இன்னும் எடுக்காமல் நின்ற ஏணியையும், மேலே திறந்து கிடந்த சீலிங்கையும் பார்த்தான்.

"அலாவுதீன் அண்ணன் புதுசா இழுத்தாரா?"

"இல்ல. நீ கோடு போட்டு வச்சிருந்தியே, அதுலதான்." தவமணி மேலே கையைக் காட்டினாள். "அப்பா பாதி வரைக்கும் வந்திருக்கார்."

சற்குணம் சுவிட்சின் மேலேயே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தொட்டி நிரம்பிக் கொல்லைச் சிமெண்டில் வழியத் தொடங்கியது. வெகுநேரமாகியும் பம்பை அடைக்க அவன் வரவில்லை. விநாசித்தம்பி கூப்பிடுவதற்கு எழுந்தார்.

"இருக்கட்டும் அத்தான்," என்றாள் தவமணி.

அவர் உட்கார்ந்தார். காத்தாடிக் காற்றில் கந்தப்புவின் நெற்றியில் மயிர் நாலைந்து பறந்தது. அவள் கையால் படிய வைத்தாள். அது மறுபடி பறந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.